இரண்டு டிஸ்க்கும் ஒரு கட்டுத் தாளும்

இலவசம் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ராசிபுரத்தில் பட்டுத்தறிகள் வைத்திருந்த அந்த முதலாளி அதே ரகம். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடலாம் என்றேன். "லினக்ஸா? ஓசியில வாரது உருப்படுங்களா?" என்றார். சேலை டிசைன்களை அடுத்த தெருக்காரர் திருடிவிடுவார் என்ற பயம் மட்டும் இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் மாட்டினேன். ஒன்றில் பதிவதெல்லாம் மற்றதிலும் அப்படியே பதியும். கடவுச்சொல் இல்லாமல் இரண்டும் திறக்காது. அடம்பிடித்த பிரிண்டரோடு அரைநாள் மல்லுக்கட்டி வழிக்குக் கொண்டுவந்தேன். மனிதர் மெயில் பார்க்கிற ஆளில்லை. அதனால், ஒரு டிஸ்க் படுத்துவிட்டால் தினமும் காலையில் பிரிண்டரே ஓர் எச்சரிக்கைத் தாளை அடித்துத் தள்ளும்படி செய்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தை பிறந்த நாலாம் நாள் போன் வந்தது. கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. போய்த் திறந்தால் உள்ளே ஒரே ஒரு டிஸ்க். அதுவும் செத்துக் கிடந்தது.

"இன்னொண்ணு எங்கீங்க?"

"ஆயுத பூசைக்கு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி சாமிகிட்ட வெச்சேனுங்க. ரண்டும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணு பீரோவுலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். இப்படியும் ஒரு மடத்தனமா என்று பல்லைக் கடித்தபடி மாட்டினேன். ஆயுத பூஜை வரைக்குமான டிசைன்கள் இருந்தன. தை முகூர்த்தத்துக்காக அதன்பின் போட்டவை ஒன்றுகூட இல்லை. அவை இல்லாமல் ஒரு தறியும் ஓடாது. அவர் முகம் வெளிறிப்போனது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"மூணு மாசமா தினமும் பேப்பர்ல அடிச்சுச் சொல்லுச்சுங்களே, படிக்கறதில்லீங்களா?" என்று கத்தினேன்.

"அதுங்களா? இங்கிலீசுல ஏதோ வந்துச்சுங்க. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு, வீணாப் போகுமேன்னு..." சட்டென்று எழுந்தவர் அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துவந்தார்.

ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சில் கோடுகள். அன்னம், மாங்காய், கோபுரக் கரை. கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன் கையால் வரைந்து பார்ப்பது அவர் வழக்கமாம். ஒரு டிசைன் விடாமல் எல்லாம் இருந்தன. அந்த எச்சரிக்கையைத் தமிழில் நாலு வார்த்தையாக அடிக்க வைக்கத் தோன்றாத என் மேதாவித்தனத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"இதுக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுத்துருங்க சாமி. எதுக்கும் ரண்டா இருக்கட்டும்" என்றார்.

பிரிண்டரின் காப்பிக் கண்ணாடியில் ஒவ்வொரு தாளாகக் கவிழ்த்து வைத்தேன். முன்பக்கம் என் இங்கிலீஷ் இருந்தது. அதைக் காப்பி எடுக்க அவர் சொல்லவில்லை.