முறுக்காதே, அமுக்கு

சலவை நிலையத்தில் அவருக்கு மொட்டை என்றுதான் பெயர். பெயர் வைத்தவர் அங்கே துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா. இருபத்திரண்டு வருடமாக, மூன்று நாளுக்கு ஒருமுறை மொட்டை தன் தலையை மழித்துவிடுவார். கண்ணாடிகூடத் தேவையில்லை, ரேசருக்கே வழி தெரியும். வழுக்கை என்று நினைத்து அவருக்காகப் பரிதாபப்பட்டவர்கள் நிறையப் பேர். அவரும் திருத்தியதில்லை.

உண்மையில் அந்தத் தலையில் முடிக்குப் பஞ்சமே இல்லை. வளரவிட்டால் போதும், சுருண்டு சுருண்டு தன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். படித்த காலத்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள் என்று கூப்பிட்டார்கள். பின்பெஞ்சுக்காரர்கள் பென்சிலைச் செருகிவிட்டு, மணி அடிப்பதற்குள் விழுமா விழாதா என்று பந்தயம் கட்டினார்கள். விழுந்ததே இல்லை. பதினெட்டு வயதில் ஒரு காலை மொத்தத்தையும் வழித்துப் போட்டுவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தவர்தான்.

முடி போயிற்று. ஆனால் எங்கும் போய்விடவில்லை. பொறுமையாகக் காத்திருந்து, மகள் தலையில் வந்து இறங்கியது.

மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவள் பெயர் குருவி. அவள் அம்மா பஸ் ஓட்டுகிறவள். தண்ணீரை ஊற்றி விட்டதுபோல நேரான முடி அவளுக்கு. ஆறு நாற்பதுக்கு முதல் வண்டியை எடுக்க வேண்டும். அதனால் குருவியின் தலை ஆறு மணிக்குள் வாரி முடிக்கப்பட வேண்டிய ஒரு வேலை. சமையலறை ஸ்டூலில் மகள், பின்னால் சீப்போடு அம்மா, காய்ந்த முடி. சீப்பு உச்சியில் இறங்கும், காதோரம் வந்ததும் நிற்கும். அதற்கு மேல் இழுபறிதான்.

"அம்மா! வலிக்குது!"

"ஆடாம இருந்தா வலிக்காது."

"நான் ஆடல. நீதான் ஆட்டுற."

அந்தப் புதன்கிழமை சீப்பில் மூன்று பல் ஒடிந்தன. ஒன்று தெறித்துப்போய் மொட்டையின் காபிக்குள் விழுந்தது. அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு பார்லர்ல நேரம் கேட்டு வெச்சிருக்கேன். ஒட்ட வெட்டிரலாம்."

மகள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. "வெட்டவே வேணாம், மழிச்சிரலாம்," என்றாள். "அப்பா மாதிரி. கிளாஸ்ல என் தலையைப் பார்த்து வெடிச்ச பஞ்சுங்கறாங்க. அப்பா தப்பிச்சிட்டாருல்ல, நானும் தப்பிச்சுக்கறேன்."

தப்பிச்சிட்டாரு. அவர் காபியிலிருந்து சீப்புப் பல்லை எடுத்தார். பென்சில் செருகியவர்கள் நினைவில் வரிசையாக வந்து நின்றார்கள், இத்தனை வருடத்துக்கு அப்புறம். தான் தப்பித்ததாக அவர் நினைத்திருந்தார். பார்த்தால், ஓடிப்போனவன் விட்டுவிட்டுப் போன மூட்டையை இவள் சுமந்துகொண்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் குடு," என்றார். "அதுக்கப்புறமும் வேணாம்னா நானே கூட்டிட்டுப் போய் மழிச்சு விடுறேன். சத்தியமா."

"உங்களுக்கு முடியைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் மனைவி. கேட்டது நியாயம்தான். அவர் தலையைத் தடவிக்கொண்டார், வழவழவென்று இருந்தது.

சலவை நிலையத்தில் மொட்டைக்குக் கம்பளிப் பிரிவு. மற்ற துணியெல்லாம் மெஷினுக்குப் போகும். ஸ்வெட்டர், சால்வை, கம்பளித் தொப்பி மட்டும் ஜன்னலோரத் தொட்டிக்கு, அவர் கைக்கு வரும். வியாழக்கிழமை ஒரு பெண்மணி ஒரு ஸ்வெட்டரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். சிலிர்த்துப்போய், சிக்குப் பிடித்து, கட்டிதட்டிக் கிடந்தது.

"யாரும்மா இதை முறுக்கிப் பிழிஞ்சது?" என்றார் மொட்டை. கம்பளியைத் தப்பாகத் தொட்டவர்களிடம் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "கம்பளியை முறுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. துண்டுல வெச்சு அமுக்கணும். சூடு காட்டக் கூடாது. காயற வரைக்கும் தொடவே கூடாது. தொட்டீங்கன்னா சிலும்பிக்கிட்டு…"

பாதியில் நின்றுவிட்டார். கையில் இருந்தது ஸ்வெட்டர் மாதிரியே இல்லை. காலை ஆறு மணிக்கு ஸ்டூலில் பார்த்த தலை அது.

"என்ன மொட்டை, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார் இஸ்திரி அக்கா.

"இல்லக்கா. இப்பதான் வந்திருக்கு."

சனிக்கிழமை மத்தியானம் அவர் குளியலறைக்குள் போனபோது கையில் ஒரு டப்பா கண்டிஷனரும், பழசாகி மெத்தென்றிருந்த தன் பருத்தி பனியன்கள் இரண்டும் இருந்தன. வாசலில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"துவைக்கப் போறீங்களா, குளிப்பாட்டப் போறீங்களா?"

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல."

வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் குறைவான தண்ணீர். ஷாம்பூவை முடியில் தேய்க்காமல், விரல் நுனியால் மண்டையில் மட்டும் போட்டு அலசினார். பிறகு கண்டிஷனரைக் கை நிறைய எடுத்து, முடி வழுக்கும் வரை தடவினார். சீப்பை எடுக்கவில்லை. நுனியிலிருந்து ஆரம்பித்து, ஒரு பிடி மேலே, இன்னொரு பிடி மேலே என்று விரலாலேயே சிக்கெடுத்தார். நாலு வருடத்துச் சண்டை நாற்பது நிமிடத்தில் அவிழ்ந்தது.

"அப்பா, ஆரம்பிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"பொய்! வலிக்கவே இல்லயே!"

வாசலில் கட்டியிருந்த கைகள் மெதுவாக அவிழ்ந்தன.

பனியனை இரண்டு கையிலும் விரித்து, தொங்கும் முடியைக் கீழிருந்து ஏந்தி, மண்டையை நோக்கி அமுக்கினார். முறுக்கவில்லை. அமுக்கி விட்டார், அமுக்கி விட்டார். தண்ணீர் பனியனுக்குப் போனது, முடி தனக்குத் தோன்றியபடி சுருண்டுகொண்டது. கூடத்தில் மின்விசிறியை மெல்ல வைத்து மகளை உட்காரவைத்தார்.

"காயற வரைக்கும் தொடக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"அரிச்சா?"

"அரிக்கட்டும்."

அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து மணிக்கு எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றியில் ஒன்று, காதோரம் ஒன்று என்று ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, பேனா ஸ்பிரிங் மாதிரி நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்து விட்டாள். துள்ளிக்கொண்டு மேலே போனது. "ஹை!" என்று கத்திக்கொண்டே கீழே விளையாட ஓடினாள்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தது பஞ்சு. வியர்வை, காற்று, பந்து பட்டது எல்லாம் சேர்ந்து ஒரு சுருளும் மிச்சமில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளை நாலு மணி.

சுருண்டது சுருண்டபடி நிற்க வேண்டும். நிற்கவைக்க என்ன செய்வார்கள்? சலவைக்காரரைக் கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான் தெரியும்: கஞ்சி போடுவார்கள்.

ஞாயிறு காலை மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, ஈர முடியில் தடவி, பனியனால் அமுக்கி உட்காரவைத்தார். எல்லாம் சரி. அளவு மட்டும் தப்பு. மெல்லிய துணிக்குப் போடும் நீர்க்கஞ்சி என்று மனதில் நினைத்தார். கம்பளிக்கு மாறும் முன் கஞ்சி போட்ட பழக்கத்தில் கை மட்டும் சட்டைக் காலருக்கு அளந்துவிட்டது.

மூன்று மணிக்கு முடி காய்ந்தது. குருவி ஒரு சுருளைச் சுண்டினாள்.

"அப்பா… தட்டினா சத்தம் வருது."

மனைவி வந்து தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். டொக். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது.

"போலாம்பா. மூணே கால் ஆச்சு."

"ரெண்டே நிமிஷம்." மொட்டை போனை எடுத்து இஸ்திரி அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, கஞ்சி ரொம்பக் கெட்டியாப் போனா என்ன பண்ணுவீங்க?"

"ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டியா? என்ன துணி?"

"துணி இல்லக்கா. என் பொண்ணு."

"என்னது?"

"பொண்ணு தலைக்குக்கா. கஞ்சி போட்டுட்டேன்."

"அட மொட்டை! உனக்குத்தான் முடி இல்லன்னு நினைச்சேன், மூளையும் இல்லையா?" சிரித்து முடித்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "தண்ணி போட்டுராத, மறுபடி முதல்லேருந்து ஆகும். நல்லாக் காஞ்சிருச்சுல்ல? கைக்குள்ள வெச்சு மெதுவாக் கசக்கு. கஞ்சிதான் உடையும், மடிப்பு அப்படியே நிக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு கொத்தை நுனியிலிருந்து உள்ளங்கைக்குள் வாங்கி, மண்டையை நோக்கி மெல்லக் கசக்கினார். சருகின்மேல் அணில் நடப்பதுபோல ஒரு சத்தம். வெள்ளைத் தூள் அவள் தோளில் உதிர்ந்தது. கையை விட்டார்.

விறைப்பு போய்விட்டது, சுருள் போகவில்லை. தொட்டால் மெத்தென்று இருந்தது. இழுத்து விட்டால் துள்ளியது. அடுத்த கொத்து. அதற்கடுத்தது. மனைவியும் எழுந்து வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மாவு அரைக்கிறவர்கள் மாதிரி வெள்ளையாகிப்போனார்கள்.

குருவி குனிந்து ஓர் உதறு உதறினாள். அறை முழுக்கத் தூள். நிமிர்ந்தாள். தலை முழுக்கச் சுருள். குதித்தாள், கூடத்தை மூன்று சுற்று ஓடினாள், தலையைச் சுவரில் தேய்த்துக்கூடப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் வந்தபோது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

"இது எம் முடியா?"

"முதல்லேருந்து உன்னுதுதான்," என்றாள் அம்மா. "எனக்குத்தான் அதைத் தொடத் தெரியல." போனை எடுத்து பார்லருக்குப் பேசினாள். "நாலு மணிக்கு வரலைங்க… காரணமா? காரணம் கண்ணாடியை விட்டு நகர மாட்டேங்குதுங்க."

போனை வைத்ததும் மகள் திரும்பினாள். "ஒரு நிமிஷம். நான் வெட்டலன்னு இன்னும் சொல்லலயே."

மொட்டை கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். "வாக்கு வாக்குதான். சொல்லு, கூட்டிட்டுப் போறேன்."

"நான் வெட்டல. ஆனா நீயும் மழிக்கக் கூடாது. உன்னுது எப்படி இருக்கும்னு நான் பார்க்கணும்."

இருபத்திரண்டு வருடத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

முதல் வாரம் உப்புத்தாள் மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் கறுப்பு மிளகைக் கொட்டியதுபோல. அரும்பிலேயே ஒவ்வொன்றும் வளைந்துகொண்டது. இஸ்திரி அக்கா இனிமேல் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "பழசே இருக்கட்டும், பழகிருச்சு" என்று முடித்தார். கஞ்சியின் அளவு இப்போது சரியாக இருக்கிறது: ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் மாவு, அதுவும் தலை தட்டியது. அளப்பது குருவி. அவர் கையை அவள் நம்புவதில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மனைவி கதவைத் திறந்தாள். கூடத்தில் மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே இரண்டு நாற்காலி, இரண்டு ஈரத் தலை, ஒரே மாதிரிச் சுருள். நாலு கையும் நாலு தொடைக்கு அடியில்.

"எவ்வளவு நேரமா இப்படி?" என்றாள்.

"ஒரு மணி நேரம்," என்றார் மொட்டை. சொல்லிக்கொண்டே காதோரம் அரித்த இடத்துக்கு மெதுவாக ஒரு கையை உருவினார்.

"அப்பா," என்றாள் குருவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கை."