ஆக்சிலரேட்டரில் அவர் கால்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலை, கோட்டை மலைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் நேராக ஓடும். மார்கழியில் அந்த இடத்தில் பனி இறங்கியிருக்கும். பாறைகளின் அடிப்பாகம் மறைந்து மேல்பாகம் மட்டும் தெரியும். மலை எதன்மேலும் உட்காராமல் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். காலையில் அந்தச் சாலையில் தனியாக வண்டி ஓட்டுவதற்காகத்தான் நான் வேலைக்கே போனேன் என்று சொன்னால் எங்கள் டாக்டர் கோபித்துக்கொள்வார். ஆனால் உண்மை அதுதான்.

திருவண்ணாமலையில் ஒரு இதய மருத்துவரின் கிளினிக்கில் எனக்கு வேலை. ஈசிஜி எடுப்பேன். ஓடுகிற பெல்ட்டின்மேல் ஆட்களை ஏற்றி, வேகத்தைக் கூட்டிக் கூட்டி நடக்கவிட்டு, நெஞ்சு என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். வண்டி எங்கள் வீட்டு டீசல் கார். என் கணவர் செஞ்சியில் போர்வெல் மோட்டார், பம்பு விற்கிற கடை வைத்திருக்கிறார். கடைக்கு நடந்தே போய்விடுவார் என்பதால் கார் என் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காரை அவர் பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போய் டியூனிங் செய்து கொண்டுவந்திருந்தார். அங்கே யாரோ ஒருவன் லேப்டாப்பை மாட்டி, எஞ்சினின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி, டீசலும் காற்றும் கூடுதலாகப் போகும்படி செய்துவிட்டான். காற்றை உள்ளே தள்ளுவது டர்போ என்கிற சின்னச் சக்கரம். “ராக்கெட்டு மாதிரி இழுக்குது” என்று கடை வாசலில் டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போனது. ஆனால் அந்த நேர்ச்சாலையில் முதல் தடவை ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபோது மனுஷன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. எங்கிருந்தோ மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போது முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளிவிட்டது போல இருந்தது. புளியமரங்களும் வயல்களும் சத்தமே இல்லாமல் கரைந்து பின்னால் போயின. தனியாக, கண்ணாடி ஏற்றிய காருக்குள், வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தச் சில நொடிகள் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டன.

ஒருநாள் காலை முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே, பனிக்குள் வெகு தூரத்தில், ஒரு பஸ்ஸின் விளக்கு. தாராளமாகத் தாண்டிவிடலாம். வலப்பக்கம் எடுத்து முழுசாக மிதித்தேன். வண்டி எகிறியது. டிராக்டரின் பாதி வரைக்கும் போனதும் சட்டென்று எல்லாம் விட்டுப்போனது. கனவில் ஓடுவோமே, கால் நகராதே, அப்படி. எஞ்சின் ஓடுகிறது, கால் அழுந்தியிருக்கிறது, வண்டி மட்டும் போகமாட்டேன் என்கிறது. பஸ்ஸின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்து மறுபடியும் டிராக்டரின் பின்னால் ஒதுங்கினேன். பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கடந்துபோனார். பின்கண்ணாடியில் கரும்புகை கலைந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல நல்லபிள்ளையாக ஓடியது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

“எல்லாம் கரெக்டா இருக்குது. நல்லாத்தான் இழுக்குது.”

“நான் மிதிச்சப்ப வுட்டுப்போச்சிங்க.”

“கியர் தப்பா போட்டிருப்ப.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இவர் ஓட்டுவதைவிட அதிக தூரம் அந்த வண்டியை ஓட்டியவள் நான். மறுநாளே திண்டிவனம் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் என் கணவருக்குப் பழக்கம். டீசல் பில்டரை மாற்றினார், காற்று பில்டரைத் தட்டினார், கருவியை மாட்டிப் பார்த்தார். கோளாறு என்று எதுவும் வரவில்லை. கடைத்தெரு நெரிசலில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டி சூப்பரா இருக்குது அண்ணி” என்றார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் கணவருக்கு போன் போட்டு அதையே சொன்னார்.

அடுத்த வாரம் மறுபடியும் அப்படியே ஆனது. அதற்கடுத்து இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும். அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மேல்மலையனூரில் ஒருத்தர் அமாவாசைக் கோயில் கூட்டத்துக்கு வாடகைக்கு ஓட்ட கார் தேடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கப் போகிறாராம். “வித்துடலாம். உனக்கும் அந்த வண்டிக்கும் ஒத்துவரல. நீ பஸ்ல போ, நிம்மதி.”

பஸ்ஸில் போவதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் ஓட்டத் தெரியாதவள் என்ற பெயரோடு பஸ் ஏறுவதை என்னால் தாங்க முடியாது. எனக்கென்று இருந்த அந்தக் காலைநேரமும் அதோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோளாறு எங்கே என்று நான் காட்டியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் ஒரு பெரியவரை பெல்ட்டில் ஏற்றினேன். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. வேகம் கூடக் கூட, திரையில் அந்தக் கோடு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. படுத்திருக்கும்போது எல்லா நெஞ்சும் யோக்கியமாகத்தான் இருக்கும். திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மெக்கானிக் என் காரைப் படுக்கவைத்தே பார்த்திருக்கிறார். அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் ஒரு சின்னக் கருவியை இரவல் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் எஞ்சினின் எண்களெல்லாம் போனில் தெரியும். சனிக்கிழமை காலை, “நீங்க ஓட்டுங்க, நான் போனைப் பாத்துக்கினு வரேன்” என்றேன். நல்லாத்தான் இழுக்குது என்று சொன்னவருக்கு மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

மலைகளைத் தாண்டினோம். சாலை காலியாக இருந்தது. பனிக்குள் வெயில் இறங்கி எல்லாமே பால் நிறத்தில் கிடந்தது. போனில் இரண்டு எண்கள். ஒன்று, ஆக்சிலரேட்டர் நூற்றுக்கு எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது. இன்னொன்று, டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்.

“இப்ப மிதிங்க.”

“மிதிச்சிட்டேன்.”

ஆக்சிலரேட்டர் எண் நாற்பதில் நின்றது.

“முழுசா மிதிங்க.”

“முழுசாத்தாம்மா மிதிச்சிருக்கேன். இதுக்கு மேல இன்னா, தரையப் பேத்துக்கினா போவும்?”

எண் அசையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன், ஆக்சிலரேட்டரில்தான் கோளாறு, இவர் முழுசாக மிதித்தாலும் எஞ்சினுக்குத் தெரியவில்லை. சரிபார்க்கலாம் என்று குனிந்தேன். வெறுங்காலில் ஓட்டுவது அவர் பழக்கம். அவர் குதிகால் தரையில் ஊன்றியிருந்தது, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன, ஆக்சிலரேட்டருக்குக் கீழே இன்னும் பாதி இடம் காலியாக இருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அந்த மார்கழிக் குளிரில் அவருக்கு மேலுதட்டில் வேர்த்திருந்தது.

வாயை அடக்கத் தெரியாதவள் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு எப்படியோ அது தானாக அடங்கியது. “ஓரமா நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னேன்.

நிறுத்தினார். சாலையோரத்து எருமைகள் பனிக்குள் வந்தன, பனிக்குள்ளேயே போயின.

“வேகம்னா எனக்கு வயித்தக் கலக்குது” என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

“அப்பறம் எதுக்கு டியூனிங்?”

“பசங்க எல்லாரும் பண்ணாங்க.”

பசங்க என்று அவர் சொன்னது, தொப்பையும் நரையுமாகக் கடை வாசலில் டீ குடிக்கிற அவருடைய கூட்டாளிகளை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

“நான் சொன்னத நீங்க நம்பவே இல்ல, இல்ல?”

“அன்னிக்கே நம்பினேன். மிதிச்சிப் பாக்கத்தான் முடியல. தெனம் இதுல போறியேன்னு எனக்குத் தூக்கமே கெடையாது. அதான் வித்துத் தொலைச்சிடலாம்னு...”

இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலவும் இருந்தது. கேட்டேன். “நம்பினவரு எனக்கு ஓட்டத் தெரியலன்னு ஏன் சொன்னீங்க? அந்த மேல்மலையனூர்க்காரரு அமாவாசைக்கு ஜனங்கள ஏத்திக்கினு போவாரு. இது பாதியில வுட்டுப்போனா அவங்களுக்கு இன்னா ஆவும்?”

அவர் தலை குனிந்துகொண்டது. கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். நான் ஸ்டியரிங் பக்கம் மாறினேன். போனை அவர் கையில் கொடுத்தேன்.

“ரோட்டப் பாக்காதீங்க. நம்பரை மட்டும் படிங்க.”

மிதித்தேன். கடையில் பம்பின் சக்தியைச் சொல்லுகிற அதே குரலில் அவர் படித்தார். “அறுவது. தொண்ணூறு. நூறு. காத்து ஏறுது. ஏறுது. நல்லா ஏறுது.” விசில் எழுந்தது, மரங்கள் கரைந்தன, ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தோம், மறுபடியும் போனோம். மூன்றாவது தடவை, பாதியில், கனவில் நகராத அந்தக் கால் போல வண்டி மறுபடியும் மரத்துப்போனது.

“காத்து வுழுந்துடுச்சி!” என்று கத்தினார். “காலை எடுத்துட்டியா?”

“எடுக்கல.”

“ஆமா, மிதி நூறுலதான் இருக்குது. காத்து மட்டும் வுழுது.” என் பக்கம் திரும்பினார். பயமெல்லாம் எங்கேயோ போய் கடைக்காரர் முகம் வந்திருந்தது. “மோட்டார் ஓடுது, தண்ணி மேல வரல. அப்ப பைப்புலதான் ஓட்டை. அழுத்தம் ஏறனா வாயத் தொறக்குது, எறங்கனா மூடிக்குது.”

நேராக மெக்கானிக்கிடம் போனோம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகிற ரப்பர் குழாயைக் கழற்றினார். மேலே ஒரு கீறல்கூட இல்லை. அடிப்பக்கத்தை விரலால் மடக்கியதும் பிளவு ஒன்று உதடு மாதிரி விரிந்தது. டியூனிங் செய்தவன் எஞ்சினின் எச்சரிக்கையையும் சேர்த்து அணைத்துவிட்டிருக்கிறான், அதனால்தான் கருவி எதையும் காட்டவில்லை என்றார். இந்தத் தடவை அதை என்னிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் திண்டிவனத்திலிருந்து புதுக் குழாய் வந்து மாட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை விற்கவில்லை, வரவேண்டாம் என்று சொல்ல என் கணவர் போன் போட்டபோது மேல்மலையனூர்க்காரர் கிளம்பிவிட்டிருந்தார். எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கார் விற்பதை வேடிக்கை பார்க்க கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

“விக்கலன்னா பரவால்ல சார்” என்றார் வந்தவர். “டியூன் பண்ண வண்டின்னாங்க. வந்ததுக்கு ஒரு தடவ மிதிச்சிக் காட்டுங்க, எப்டி இழுக்குதுன்னு பாத்துட்டுப் போறேன்.”

“காட்டு மச்சான்” என்றார் கூட்டாளி ஒருவர்.

சாவி என் கணவர் கையில் இருந்தது. டீசல் இல்லை என்று சொல்லிவிடலாமா, டீ ஆறுகிறது என்று உள்ளே கூப்பிடலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

“எனக்கு வேகமா ஓட்ட பயம் சார். எப்பவுமே பயம்தான். இவங்கதான் ஓட்டுவாங்க. வண்டியில கோளாறு இருக்குதுன்னு மொதல்லயே சொன்னதும் இவங்கதான். நான்தான் ஒத்துக்கல.”

கூட்டாளி சிரிக்க ஆரம்பித்தார். என் கணவரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். சாவி என்னை நோக்கி நீண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அன்றைக்குப் பிடித்த மாதிரி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு, வந்தவரை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். எஞ்சினைக் கிளப்பும்போது பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடாமலே என் கணவர் வந்து பின்சீட்டில் உட்கார்ந்து, சீட்பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.