இங்கிலாந்துப் பையன் சாப்பிட்ட இடியாப்பம்

ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம், பிரான்சில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பலில் நடைபாதையில் பழஞ்சாமான் விற்றவரிடம் அந்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கினேன். விக்டோரியா ராணி காலத்துச் சிறுவர் கதை. அட்டையில் சிலுவை. எழுதியது ஒரு பெண் என்று முன்னுரையில் தெரிந்தது, பெயரை மட்டும் போடவில்லை. நாங்கள் சைவம். எந்தச் சாமி என்றாலும் பிள்ளையைக் காப்பாற்றினால் சரி என்றிருந்த நேரம் அது.

ஏழு வயது மகளுக்கு இதயத்தில் ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளோடு ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கதையில் ஒரு நோயாளிப் பையன். முடிவை முன்கூட்டியே பார்த்து வைக்காத மடைச்சி நான். கடைசிப் பக்கத்தில் அவன் செத்துப்போனான். ஆண்டவரிடம் போய்விட்டான் என்று அந்த மனுசி அதைச் சந்தோஷமாக வேறு எழுதியிருந்தாள்.

புறப்படும்போது யாராவது தும்மினாலே, இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள். விடிந்தால் ஒப்பரேசன். அந்தச் சொல் என் வாயில் எப்படி வரும்?

"அவன் எழும்பிட்டான். பசிக்குது எண்டான். தாய் இடியாப்பமும் சொதியும் குடுத்தா."

"இங்கிலாந்திலை இடியாப்பமா?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம், அங்கையும் இருக்கு."

எத்தனை சாப்பிட்டான் என்றாள். பத்து என்றேன். சிரித்தாள்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. எழுதியவள் மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் ஆறவில்லை. பல வருடம் கழித்து அலமாரி துடைக்கும்போது, அட்டையோடு ஒட்டிக் கிடந்த முதல் தாள் பிரிந்து வந்தது. 'என்னை முந்திப் போன என் மகனுக்கு' என்று அச்சிட்டிருந்தது. பிள்ளையை மண்ணுக்குள் விட மனமில்லாமல் அவளும் முடிவை மாற்றித்தான் எழுதியிருக்கிறாள். இத்தனை வருடம் அவளைத் திட்டியதற்கு மனம் வலித்தது.

அன்று பின்னேரம் லிசே பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளிடம், அந்தப் பையன் உண்மையில் இறந்துவிட்டான் என்று சொன்னேன். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறவள், தமிழில் சொன்னாள்.

"தெரியும் அம்மா. அந்தப் பக்கத்திலை படம் இருந்தது. கட்டில், செட்டை முளைச்ச பெடியன், எல்லாம் பாத்தனான். நீங்கள் கையாலை மறைக்கப் பாத்தியள். அதுதான் எத்தினை இடியாப்பம் எண்டு கேட்டனான்."