அச்சுக்கு இருபுறமும் கோலாட்டம்

ஆந்திரா தனி ராஜ்யமான புதிது. எல்லைத் தகராறு ஓயவில்லை. நகரி பக்கத்து எங்கள் ஊர் யாருக்குப் போகும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பதியில் ஆசிரியப் பயிற்சியை முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். கடைசியாக ஒரு கணக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் வேலை. தெலுங்கில் நடத்த வேண்டும் என்பதுதான் சிக்கல். கத்தரிக்காய் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் எனக்குத் தெலுங்கு.

“தெரிஞ்சதைப் பேசிக்கினு இரும்மா, பாத்துக்கலாம்” என்றார் நைனா. அவருக்கென்ன, வரப்பில் நின்று சொல்லிவிட்டார்!

பரீட்சை நாளில் வகுப்பு நிறையப் பள்ளிக்கூடப் பெண்கள். பின்னால் நாற்காலியில், சிரிப்பையே பார்த்திராத முகத்தோடு பரீட்சை அதிகாரி. கரும்பலகையில் கட்டம் போட்டு, இரண்டு அச்சுகளையும் வரைந்து, வலப்பக்கம் ஒரு முக்கோணம் போட்டேன். செங்குத்து அச்சைக் கண்ணாடியாக நினைத்து, முக்கோணத்தின் பிம்பத்தை இடப்பக்கம் வரைய வேண்டும். நான் கூப்பிட்ட பெண், மேசையை நகர்த்துவதுபோல முக்கோணத்தை அப்படியே நகர்த்தி வரைந்தாள். அடுத்தவளும் அதையே செய்தாள். அச்சுக்குக் கிட்டே இருக்கிற முனை அந்தப் பக்கமும் கிட்டேதான் இருக்க வேண்டும் என்று சொல்லப் போனேன். தெலுங்கில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதிகாரி எதையோ எழுதினார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

வார்த்தைதானே வரவில்லை, கை இருக்கிறதே! தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். இருபுறமும் எதிரெதிரே இரண்டு பெண்களை நிறுத்தி, ஒருத்தியின் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் தள்ளினேன். யாரும் சொல்லாமலே மற்றவளும் அதே அளவு பின்னால் போனாள். இவள் முன்னால் வந்தால் அவளும் வந்தாள். திருவிழாவுக்குத் திருவிழா ஆடிப் பழகிய கால்கள்!

“டீச்சர், இதி கோலாட்டமே கதா!” இது கோலாட்டம்தானே என்று வகுப்பே கத்தியது.

அப்புறம் பாடம் நடத்தியது நானா, அவர்களா? ஆளுக்கொரு மர ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு ஜோடி ஜோடியாக வந்துவிட்டார்கள். மூன்று பேர் இந்தப் பக்கம் முக்கோணமாக நிற்க, அவர்களுடைய ஜோடிகள் அந்தப் பக்கம் திரும்பிய முக்கோணமாக நின்றார்கள். கோட்டருகே வந்து ஸ்கேலைத் தட்டினார்கள், பின்வாங்கினார்கள். நான் தெலுங்கில் தடுக்கிய இடத்திலெல்லாம் யாராவது ஒருத்தி வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். ஒருத்திகூடக் கேலி செய்யவில்லை.

சத்தம் தாங்காமல் அதிகாரி எழுந்து வந்தார். குனிந்து கோட்டைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். “இங்கொகசாரி ஆடண்டம்மா” என்றார். இன்னொரு தரம் ஆடச் சொல்கிறார்! அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தேறினேன், திருப்பதியிலேயே வேலையும் கிடைத்தது. எல்லைக் கோட்டைச் சரியாக எந்த வயல் வழியாகப் போட்டார்கள் என்பது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது என்னிடமிருந்து எட்டி நின்றால், நான் எவ்வளவு எட்டி நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டு, முதல் அடியை நானே எடுத்து வைக்கிறேன்.