மிஸ்ஸும் பாஸும்

எங்கள் கல்லூரி கேன்டீனில் ஆளைப் பார்த்ததும் ஊரைச் சொல்லிவிடுவோம். கறுப்பு டி-சட்டை, தாடி, கையில் தடித்த வெள்ளிக் காப்பு என்றால் கிள்ளான். மோட்டார் சைக்கிள் கேங் ஆள், தள்ளி நில். குட்டை முடி, வாயைத் திறந்தால் ஆங்கிலம் என்றால் பங்சார், தமிழ் வராது. விரிவுரையாளரையே பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சுதந்திரமான கல்லூரி. இந்தக் கணிப்பை மட்டும் யாரும் விடவில்லை.

குட்டை முடி நான்தான். வீடு ஸ்ரீ கெம்பாங்கான், படித்தது தமிழ்ப்பள்ளி. அங்கே பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் மேடையேற்றுவார்கள். அதனால், கல்லூரிகளுக்கிடையே தமிழ் விவாதம், இருவர் அணி என்று அறிவிப்பு ஒட்டியதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜோடிக்கு ஓர் ஆள்தான் வேண்டும். பக்கத்து மேசையில் தாடியும் காப்புமாக உட்காரும் கிள்ளான்காரனைக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

எங்களுக்குள் பேச்சே இல்லாமல் இல்லை. "மிஸ், இந்த நாற்காலி எடுக்கலாமா?" என்பான். கிண்டல் என்று நினைத்து, "டேக் இட், பாஸ்" என்பேன். செமஸ்டர் முழுக்க இதேதான். பெயர் கொடுக்கும் கடைசி நாளும் போய்விட்டது.

விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், "ரசம் போதும்மா, இலையெல்லாம் ஓடுதுலா!" என்று அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். பின் மேசையில் ஒரு தலை திரும்பியது. அதே காப்பு.

"மிஸ்ஸுக்குத் தமிழ் வருமா?"

"வராதுன்னு யார் சொன்னா?"

"நாற்காலி கேட்டாக்கூட இங்கிலீஷ்லதானே பதில் சொல்வீங்க." தாடியைச் சொறிந்தான். "அந்த விவாதத்துக்கு ஜோடி தேடி அலைஞ்சேன். நம்ம கூட்டாளிங்களுக்கு மோட்டார் பேச்சுதான் வரும். விட்டுட்டேன்."

வீடு கிள்ளான் என்பது சரிதானாம். மோட்டாரும் இருக்கிறதாம். கணிப்பு அவ்வளவு தூரம் சரி.

"நானும் தேடினேன், பாஸ்" என்றேன். "அடுத்த வருஷம் போவோமா?"

"எனக்குப் படிப்பு முடிஞ்சிருச்சு, மிஸ். தெலுக் பங்லிமா காராங்ல வேலை கிடைச்சிருக்கு."

சொல்லிவிட்டு, சட்டென்று என் அம்மா பக்கம் திரும்பிக் கை கூப்பினான். "நடுவர் அவர்களே! தமிழில் வாய் திறவாத பிழை முழுவதும் எதிரணியினுடையதே!" ஒவ்வொரு ழகரமும் அத்தனை சுத்தம்.

விடுவேனா? "நடுவர் அவர்களே! எதிரணி நாற்காலியைத் தவிர வேறெதையும் கேட்கவில்லையே!"

அதுவரை சாப்பாட்டிலேயே கவனமாக இருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு பேரும் இவ்வளவு நல்லாப் பேசுறீங்களே, சேர்ந்து ஏதாவது போட்டிக்குப் போகலாம்ல?"

அவன் காப்பைத் திருகிக்கொண்டிருந்தான். நான் இலையை மூடினேன்.