கல்முனையில் கூரை போட்ட நாள்

கல்முனைக்கு ஏன் போனாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சிறிய பதில்தான் இருக்கிறது. என் ஊர் நாகப்பட்டினம். அங்கேயும் சூரியன் கடலிலிருந்துதான் வருகிறது. அதே கடலின் இன்னொரு கரையில், தமிழ் பேசும் இன்னொரு ஊரில் நின்று பார்க்க ஆசை. பிப்ரவரியில் விடுப்பு கிடைத்தது. ரமலான் நோன்பு தொடங்கச் சில நாட்களே இருந்தன. அது முக்கியம் என்று அப்போது தெரியாது.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து கல்முனைக்குக் குளிரூட்டிய தனியார் பேருந்து: மூவாயிரம் இலங்கை ரூபாய், ஒன்பது மணி நேரம். மட்டக்களப்பு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வருவதும் நல்ல வழிதான். காலை ஐந்தரைக்கு இறங்கினேன். அதிகாலை சுபஹு தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ, பாலில்லாத தேநீர். முதுகுப்பையோடு தனியாக ஒரு பெண், நான். பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை.

ஒரே நீளமான பிரதான சாலை. துணிக்கடை, நகைக்கடை, கைபேசிக் கடை, மறுபடி துணிக்கடை. கிழக்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் கடல். மேற்கே திரும்பினால் வயல். நடுவில் இத்தனை சனம், இத்தனை ஹாரன். அறுவடைக் காலம் என்பதால் தெருவோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் விரிக்கும் தார்ப்பாயை இங்கே படங்கு என்கிறார்கள். வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது.

விடுதி வாசலில் நௌபரின் ஆட்டோ. முப்பது வயதிருக்கும். பாண்டிருப்பு, மருதமுனை, கடற்கரை, எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய். பாண்டிருப்புக் கோவில் வரை எல்லாம் சரியாக நடந்தது. அப்புறம் அவர் கைபேசி விடாமல் அடித்தது.

“அக்கா, கோவிக்காதீங்க. ஒரு எடம் போய்ட்டுப் போவமா? தங்கச்சிட ஊட்டுக்கு இண்டைக்குக் கொங்கிறீட் போடுற. மெசின் வந்திட்டாம்.”

“அப்படியொரு நாளில் ஆட்டோ ஓட்ட ஏன் வந்தீங்க?”

“மெசின்காரன் ரெண்டு மணிக்குத்தான் வருவன் எண்டு சொன்னான். பொய்யன்.”

போனோம். கடலிலிருந்து அரை கிலோமீட்டர் இருக்கும். சுவர்கள் எழும்பி நின்றன. மேலே பலகையும் கம்பியும். கலவை இயந்திரத்தின் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் ஏணியிலும் சாரத்திலும் வரிசையாக நின்று, கலவை நிரம்பிய இரும்புத் தாச்சிகளைக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நௌபர் சட்டையைக் கழற்றி வரிசையில் புகுந்தார். என்னை மறந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்குள் என்னை அழைத்துப்போனது அவர் தங்கை சிப்னா. இருபத்திரண்டு வயது. என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். இந்தக் கரையில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருகிறார். வீடு பெண்ணுக்கு. கட்டிக் கொடுப்பது தகப்பன் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் அண்ணன். சிப்னாவின் வாப்பா இறந்துவிட்டார். நிக்காஹ் பெருநாளுக்குப் பிறகு. நோன்பு தொடங்கிவிட்டால் பகலில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது. ஆக, இன்றைக்குக் கூரை. இல்லையென்றால் நிக்காஹ் தள்ளிப்போகும்.

“ஓட்டுக் கூர எண்டா எப்பவோ முடிஞ்சிரிக்கும் அக்கா. உம்மாதான் விடல்ல.”

அவள் உம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “கடல் வந்தா ஓட்டுல ஏறி நிக்கேலுமா? மேல ஏற ஒரு எடம் வேணும் இந்தப் புள்ளைக்கு.”

நான் நாகப்பட்டினம் என்றேன். திரும்பிப் பார்த்தார். அகப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அந்தச் சுனாமி இரண்டு ஊருக்கும் வந்தது.

வெளியே, கூரை வேலையை நடத்தும் மேசன் செல்வத்தின் குரல்தான் இயந்திரத்தையும் மீறிக் கேட்டது. பாண்டிருப்புக்காரர்.

“நௌபர் ஏன் இந்தப் பாய்ச்சல் பாயுறான் தெரியுமா? தங்கச்சிட ஊடு முடிஞ்சாத்தானே இவன் மாப்பிள்ள. அட்டாளைச்சேனையில ஒராள் வாசல் கேற்றடியில பாத்துக்கிட்டு நிக்கிறாவாம்.”

“செல்வம் அண்ணே, வாய மூடிட்டு மட்டத்தப் பாருங்க.”

“மட்டம் சரியாத்தான் இரிக்கி. உன்ட மனசுதான் அட்டாளைச்சேனப் பக்கம் சரிஞ்சு நிக்கிது.”

மதியச் சாப்பாடு சஹனில். பெரிய தட்டு, நடுவில் இறைச்சி, சுற்றி ஆறு பேர். அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை அவரவர் சாப்பிட வேண்டும். ஆண்கள் முறைவைத்து வெளியே சாப்பிட்டார்கள். உள்ளே பெண்கள், என்னோடு சேர்த்து ஐந்து. ஆறாவது ஆள் எதிர்வீட்டு ரகீமா மாமி. தெருவில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் வரட்டும் என்றார் உம்மா. கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தோம். எனக்கு நல்ல பசி.

மாமி வரவில்லை. மழை வந்தது.

கடல் பக்கம் கறுத்ததை யாரும் கவனிக்கவில்லை. கூரையில் இன்னும் கால்வாசி மிச்சம். நௌபர் வாங்கி வைத்திருந்த படங்குகள் பாதிக்குக்கூடப் போதவில்லை. பெருமழை பட்டால் சீமெந்து கழுவிக்கொண்டு போய்விடும். பாதியில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் நாளைக்கு ஒழுகும். செல்வம் இப்போது பகிடி விடவில்லை. தெருவில் எல்லோரும் அவரவர் நெல்லை நோக்கி ஓடினார்கள். நியாயம்தான். ஆறு மாத உழைப்பு.

ரகீமா மாமியிடம் இரண்டு படங்குகள். இரண்டிலும் நெல். நௌபர் மேலிருந்து அவரைப் பார்த்தார். கேட்கவில்லை. மாமி வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு படங்கின் நெல்லை மற்றதன் மேல் அப்படியே கவிழ்த்தார். வெறும் படங்கை இழுத்துக்கொண்டு வந்தார்.

“என்னடா பாக்கிறாய், புடி! நெல்லு நனைஞ்சா திரும்பக் காயப்போடுவன். கொங்கிறீட்டக் காயப்போடேலுமா?”

குவியலுக்கு மேலே மூட அவரிடம் எதுவும் இல்லை. அது நனைந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுப் படங்கு வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. முடிந்த பகுதியின் மேல் சிலவற்றை விரித்தார்கள். மிச்சத்துக்கு மேலே கூடாரம்போல் தூக்கிப் பிடிக்க ஆள் போதவில்லை. சிப்னாவும் நானும் ஏணியில் ஏறி ஒரு மூலையைப் பிடித்தோம். படங்குக்குக் கீழே குனிந்தபடி ஆண்கள் கலவையைக் கொட்டினார்கள். என் முழங்கை வழியே தண்ணீர் இறங்கியது. சிப்னா ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். நான் ஓதத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது கூரை முடிந்திருந்தது.

படங்கைத் தூக்கியபோது, அதில் ஒட்டியிருந்த நெல்மணிகள் ஈரக் கொங்கிறீட்டில் உதிர்ந்து பதிந்து கிடந்தன. செல்வம் தலையில் கை வைத்தார்.

“இனி இதுல வெள்ளாம செய்யலாம். நிக்காஹுக்கு அறுவட.”

ஆறிப்போன சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். மாமி சேலையைப் பிழிந்துவிட்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.  உம்மா பெரிய இறைச்சித் துண்டை எடுத்து மாமியின் முன்னால் வைத்தார். மாமி அதைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

கடற்கரைக்குப் போகும்போது மாலையாகிவிட்டது. மருதமுனை விட்டுப்போனது. நாகையில் பார்க்கும் அதே சாம்பல் நிறக் கடல். நௌபரிடம் கேட்டேன்: “இவ்வளவு பாடுபட்டுக் கட்டுறீங்க. அதில நீங்க இருக்கப் போறதில்லையே?”

“நான் ஏன் இரிக்கணும்? வருவன், சாப்புடுவன், குறை சொல்லுவன், போவன். அண்ணனுக்கு அது போதாதா?”

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி நல்ல மாதம், ஆனால் குடை வேண்டும். நோன்பு மாதம் என்றால் பகல் சாப்பாட்டை விடுதியில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் மூடியிருக்கும். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சஹனில் கூப்பிட்டால் தயங்காமல் உட்காருங்கள். உங்கள் தயக்கத்தில் இன்னும் ஐந்து பேர் பசியோடு இருப்பார்கள்.

நோன்பு பாதி கடந்த ஒரு நாள், சிப்னாவிடமிருந்து குரல் பதிவு. முதலில் மழைச் சத்தம் மட்டும். நீளமாக. புதுக் கூரைக்குக் கீழே நின்று பதிவு செய்திருக்கிறாள். கடைசியில் அவள் குரல். இம்முறை அக்கா இல்லை, அவர்கள் வீட்டு வழக்கில் ராத்தா.

“கேக்குதா ராத்தா? ஒரு சொட்டும் உள்ள விழல்ல.”

பின்னாலிருந்து ரகீமா மாமி கத்துகிறார்: “மேல முளைச்சா அது என்ட நெல்லு எண்டு சொல்லு!”