மிக்ஸிக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர்

என் அத்தான் யாருடனும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒருவேளை போட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கே கேட்டிருக்காது, அவ்வளவுதான்.

அக்காவின் புருஷன். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதிலும் குறைமாதத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற வார்டு. அங்கே சத்தமே ஆகாது. பெட்டியின் மேல் ஒரு பேனாவை வைத்தால்கூட உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு இடி விழுந்த மாதிரி இருக்குமாம். பெட்டியின் சின்னக் கதவை மூடும்போது கொக்கியின் மேல் ஒரு விரலைக் கொடுத்து, சத்தம் வராமல் மூட வேண்டும். காலமெல்லாம் அப்படி மூடி மூடி, வீட்டில் பிரிட்ஜையும் அப்படித்தான் மூடுவார், பீரோவையும் அப்படித்தான் மூடுவார். பேச்சும் அந்த வழிக்கே போய்விட்டது. வீட்டில் எந்த அறைக்குள் நுழைந்தாலும், அங்கே ஏதோ ஒரு பிள்ளை இப்போதுதான் கண் அயர்ந்த மாதிரி பேசுவார்.

எனக்கு நேர்மாறான பிழைப்பு. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "பிரேக், பிரேக்" என்று கத்தாமல் உயிரோடு வீடு திரும்ப முடியாது. அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். நான் படியிறங்கி வருவதற்குள் என் குரல் கீழே போய் உட்கார்ந்திருக்கும் என்று அக்கா கேலி செய்வாள்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து நின்றார். வார்டு டாக்டர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி. மஞ்சள் நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாக உட்கார வேண்டும். டாக்டருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்துவிட்டதால், இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று அத்தான் தலையில் கட்டிவிட்டார். அத்தானுக்கு ஆசை ரொம்ப நாளாக உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வண்டியின் சத்தத்தைச் சொல்லி மாளாது. சாவியைத் திருப்பினால் தெருநாய் எழுந்து இடம் மாறும். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். தெருவில் யாரோ அதற்கு மிக்ஸி என்று பேர் வைத்தார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அத்தானே, "மிக்ஸியைக் கழுவணும்" என்று சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தவள். மடிக்கிற மெஷின், தைக்கிற மெஷின், வெட்டுகிற மெஷின் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே ஓடும் இடம். அங்கே அவள்தான் பேச்சுக்கும் பாட்டுக்கும் தலைவி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அத்தான் எதைக் கேட்டாலும் சிரிப்பாள், தலையை ஆட்டுவாள், எழுந்து போய்விடுவாள். டிவி போடுவதையும் விட்டுவிட்டாள். வேலையை விட்ட ஏக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். அத்தான் வேறு மாதிரி நினைத்தார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "வேலைக்குப் போயிட்டிருந்த வரைக்கும் தெரியலம்மா. இப்ப நாள் பூரா என் மூஞ்சியையே பாக்கணும்ல" என்றார். வேடிக்கை மாதிரிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதையே வேறு. காலையில் இரண்டு பேரும் மிக்ஸியில் ஏறி, ஊருக்கு வெளியே ஏரி வரைக்கும் போய்விட்டு வருவார்கள். திரும்பி வரும்போது அக்காவின் தலை கலைந்திருக்கும், முகம் சிவந்திருக்கும், இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும். அச்சகத்துக் கதை, அடுத்த வீட்டுக் கதை, கல்யாணமான புதிதில் நடந்த கதை, எல்லாம் அந்த வண்டிக்குள்தான் பேசித் தீர்த்திருப்பார்கள். இறங்கி வாசலுக்கு வந்த பிறகும் ஒரு நிமிஷம் சிரிப்பு அடங்காது. வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்கா மறுபடி தலையாட்டி பொம்மை ஆகிவிடுவாள்.

இதைப் பார்த்துப் பார்த்து அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். அவளுக்குப் பிடித்திருப்பது வண்டியை. தன்னை அல்ல. சரி, வண்டியையாவது அவள் மனசுக்கு ஏற்ற மாதிரி ஆக்கிவிடுவோம் என்று கிளம்பினார். பாட்டு என்றால் உயிரை விடுகிறவள் அக்கா. மிக்ஸியில் இருந்த ரேடியோவோ டாக்டர் காலத்துக்கு முந்தியது. ஒரு ஸ்பீக்கர் செத்துவிட்டது, இன்னொன்று இருமிக்கொண்டே இருக்கும்.

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடைக்காரர் ஒருவர் உண்டு. டெசிபல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் மிக்ஸியைச் சுற்றி வந்து, கதவை விரலால் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். இந்த இரைச்சலில் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் தண்ணீரில் எழுதிய மாதிரிதான் என்றார். முதலில் சைலன்சரை மாற்ற வேண்டும். கதவு, தரை, பின்பக்கம் என்று எல்லாவற்றையும் பிரித்து, உள்ளே தடிமனான ரப்பர் ஷீட் ஒட்டி வண்டியின் வாயை அடைக்க வேண்டும். பாட்டு அதற்குப் பிறகுதான். செய்தால் முழுசாகச் செய்யுங்கள், இல்லையென்றால் இப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அத்தான் அசைபோட ஆரம்பித்தார். சட்டை எடுக்கவே இரண்டு முறை கடைக்குப் போகிறவர். தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என்னிடம் கேட்டபோது நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னேன். சத்தமே வேண்டாம் என்றால் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, ஒரு சோபா வாங்கிப்போட்டு அதில் உட்கார்ந்து பாட்டு கேளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் அக்காவிடம் கேட்டபோது அவள், "வேண்டாங்க. இப்ப இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு" என்றாள். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னாலும் அவள் வேண்டாம் என்பாள், புதுச் செருப்பு வாங்கச் சொன்னாலும் வேண்டாம் என்பாள். அத்தான் இந்த வேண்டாமையும் அதோடு சேர்த்துக்கொண்டார். மறுநாளே மிக்ஸியை டெசிபல் கடையில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

வண்டி திரும்பி வந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், எட்டிப் பார்த்தால் வண்டியைக் காணோம். வழக்கமாக வரும் நேரத்துக்கு வெகு முன்பே திரும்பிவிட்டார்கள். அக்கா இறங்கி நேரே உள்ளே போனாள். அத்தான் இறங்கவில்லை. வாளியை வைத்துவிட்டுக் கீழே போய், அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டெசிபலைக் குறை சொல்ல முடியாது, பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

அத்தான் பாட்டை நிறுத்தினார். போகும்போது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாளாம். ஏரிக்கரையில் அவர் ஏதேதோ கேட்டிருக்கிறார், எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள். திரும்பி வரும் வழியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"என்கூட இருக்கிறது உனக்கு சலிச்சுப்போச்சான்னு கேட்டேன்மா."

"அதுக்கு?"

"சிரிச்சா. ஆமான்னு தலையாட்டினா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என்றால் எனக்கு உயிர்தான். ஆனாலும் இந்த மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, உயிராவது மண்ணாவது என்று இருந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனேன். அக்கா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் கேட்டதுக்கு ஆமான்னு தலையாட்டினியாமே. மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"என்ன கேட்டாரு?" என்றாள்.

சொன்னேன். கையிலிருந்த தட்டோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டு நல்லா இருக்கான்னு கேக்கிறாருன்னு நெனச்சேன்டி" என்றாள். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கிய பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அச்சகத்தில் இருந்தபோதே காது மந்தமாகத் தொடங்கியிருக்கிறது. அங்கே மெஷின் சத்தத்துக்கு மேல் எல்லோரும் கத்திப் பேசுவார்கள், அதனால் ஒன்றும் தெரியவில்லை. நான் கத்துவது எப்போதும் கேட்டது. கேட்காமல் போனது வீட்டில் ஒரே ஒரு குரல். டிவி சத்தத்தைக் கூட்டினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று டிவியையே விட்டிருக்கிறாள். மிக்ஸி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் கத்தினார், அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. பின்னால் காது டாக்டரிடம் போனபோது, காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிப்போயிருக்கிறது, இந்த மாதிரிக் காதுக்கு இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் கத்தும்போதுதான் நன்றாகக் கேட்கும் என்று சொன்னார்.

"ஏன் அவர்கிட்ட சொல்லல?" என்றேன்.

"பொறக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் காது கேக்குதான்னு டெஸ்ட் பண்றவரு. பொண்டாட்டிக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா அவர் மனசு என்ன பாடுபடும்? அப்புறம் என்னையும் ஒரு பேஷன்ட் மாதிரி பாக்க ஆரம்பிச்சிடுவாரு. எனக்குப் புருஷன் வேணும்டி, நர்ஸ் வேண்டாம்."

நான் போய்ச் சொல்லட்டுமா என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே வெளியே போனாள்.

ஒட்டுக்கேட்பது தப்புதான். அன்றைக்கு அதைப் பற்றியெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து என்னவோ சொன்னாள். மெதுவாகச் சொன்னதால் எனக்கு எட்டவில்லை. அத்தான் அவள் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அவள் காதைத் தொட்டார். ஒரே ஒரு விரலால், அந்தச் சின்னக் கதவுகளை மூடுகிறவரின் பதமான விரலால். அவர் உதடு அசைந்தது. அக்கா கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். மறுபடி அசைந்தது. அவள் மறுபடி கையை ஆட்டினாள். பாவம், என்ஜின் ஓடாமல் கத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்கூட இருக்கிறது உனக்கு சலிச்சுப்போச்சா?"

தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். அத்தானின் முழுக்குரலை நானே அன்றைக்குத்தான் கேட்டேன், நல்ல கனமான குரல்.

அக்காவும் குரலை உயர்த்தினாள். "நீங்க பேசறது கேக்காம இருக்கிறதுதான் சலிச்சுப்போச்சு."

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா அவர் தலைமேல் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நிமிர்ந்ததும் என்னவோ சொன்னார், பழைய குரல் வந்துவிட்டது போலிருக்கிறது, அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் மறுபடி தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கே போய் எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துடச் சொல்றேன். ஸ்பீக்கர், ஷீட்டு, எல்லாத்தையும்."

"வேண்டாம்" என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"இத்தனை நாள் வண்டிக்காகக் கத்தினீங்க. இனிமே எனக்காகக் கத்துங்க."

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலிலிருந்து பார்ப்பவர்களையும், இஸ்திரிக்காரரையும், என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சரி" என்று கத்தினார்.